ஆழ்வாப்பிள்ளையின் லொறிக்கு வேறு கொம்பனி டேர்போ

ஆழ்வாப்பிள்ளை தேவராசாவின் நட்டுச் சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அருமைநாயகி வீட்டில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெட்டி படலையைத் தாண்டியிருக்காது.

கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், வெயிலில் நின்று, தன் முறை வரும்போது சீனி முடிந்துபோய், வெறும் பையோடு திரும்பி வந்தவள் வேலைக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் நீள்சதுரமாய்க் கிடந்தது. பக்கத்து வாங்கிலில் அவள் புருசன் தேவராசா கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"பெட்டி எங்கை?"

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை கொண்டு போயிட்டார். லொறி சரிவருமட்டும் தன்னட்டை இருக்கட்டுமாம்."

"அந்தப் பாரத்தை அந்தாள் தனியத் தூக்கினவரோ?"

தேவராசா நிலத்தைப் பார்த்தார். "அவருக்கு நாரி நோ, குனிஞ்சு தூக்க ஏலாது. ஒரு பக்கம் நான் பிடிச்சு விட்டனான்."

அருமைநாயகி வெறும் பையை நாலாய் மடித்து வாங்கிலில் வைத்தாள். கொதி வந்தால் அவள் கத்துவதில்லை. கையில் கிடப்பதை மடிப்பாள்.

"நல்லது. படலையையும் திறந்து விட்டிருப்பியள்."

திறந்துதான் விட்டிருந்தார்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அரசாங்கத்தின் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் டீசல் வராது, பற்றரி வராது, இரும்புச் சாமான் எதுவும் வராது. ஒரு சாவி தொலைந்தால் அதற்கு மாற்றுச் சாவி கிடையாது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் பதினாலு வருசம் வேலை செய்தவர் தேவராசா. கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கி, கராச்சை மூடி, முதலாளி கொழும்புக்குப் போனபோது கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாய்க் கொடுத்துவிட்டுப் போனது அந்தப் பெட்டி. நட்டுக் கழற்றும் சாவிகள் அங்குலத்தில் ஒரு தொகுதி, மில்லிமீற்றரில் ஒரு தொகுதி, குறடுகள், கையால் சுழற்றும் துறப்பணம். வீட்டில் நாலு வயிறும் அந்தப் பெட்டியில்தான் நிறைந்தன. அது இல்லாவிட்டால் தேவராசா வெறும் கறுத்த நகம் பிடித்த மனுசன், அவ்வளவுதான்.

கறுத்த நகத்தைப் பற்றி அருமைநாயகிக்குக் கலியாணம் பேசும்போதே சொன்னார்கள். அளவெட்டித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை அவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். "எண்ணெய்க் கையனுக்கோ குடுக்கப் போறியள்" என்று பெரியம்மா கேட்டபோது, "கையைக் கழுவினால் போகும்" என்று தானே பதில் சொன்னவள். போகவில்லை. பதினைந்து வருசத்தில் அவளுடைய நகங்களும் கறுத்தன. எஞ்சின் உறுப்புகளைக் கழுவுவது அவள் வேலை. முந்தி மண்ணெண்ணெயில் கழுவினாள். மண்ணெண்ணெய் மருந்துபோல் போத்தலில் அளந்து விற்கும் காலம் வந்ததும் அடுப்புச் சாம்பலும் கொதிதண்ணீரும் தென்னந்தும்பும் கொண்டு, தாச்சி கழுவுவதுபோல் கழுவினாள். எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்று கேட்டால் பாதிக்குத் தெரியாது. எது எங்கே இருந்து வந்தது, எது எதனால் கெட்டது என்று கேட்டால் தேவராசாவுக்கு முன்னம் சொல்லுவாள்.

வில்லங்கம் மாசி மாதம் தொடங்கியது.

ஆழ்வாப்பிள்ளை மருதனார்மடம் சந்திக்கு அங்கால் இருந்தவர். ஒரு இசுசு லொறி வைத்து, தோட்டங்களில் வெங்காயம் ஏற்றிக் கொடிகாமச் சந்தைக்குக் கொண்டு போவார். எல்லா வாகனத்தையும்போல அந்த டீசல் லொறியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெயில் இழுவை குறைவு. நாற்பது மூட்டை ஏற்றினாலே மூச்சு வாங்கும். ஒருநாள் காலையில் அவர் உரப்பை ஒன்றைக் கொண்டுவந்து கொட்டில் நிலத்தில் வைத்தார். உள்ளே இரும்பில் வார்த்த பெரிய நத்தைபோல் ஒரு சாமான்.

"தேவராசா, இது டேர்போ. கொக்குவிலிலை ஒரு பழைய இரும்புக்காரனிட்டை எடுத்தனான். இதைப் பூட்டி விடு. லொறி பறக்கும்."

தேவராசா அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, இது மிற்சுபிசி ஜீப்பின்ரை. உங்கடை எஞ்சின் இசுசு. ஓட்டையும் பொருந்தாது, எண்ணெய் போற வழியும் இல்லை."

"பொருத்தம் பாக்கிறதுக்கு இதென்ன கலியாணமே?"

குசினி வாசலில் நின்ற அருமைநாயகி சொன்னாள்: "கலியாணமெண்டால் பொருந்தாட்டிலும் இருந்திடலாம் அண்ணை. எஞ்சின் இருக்காது."

ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். தேவராசா சிரிக்கவில்லை. அவர் அந்த நத்தைக்குள் விரலை விட்டுச் சின்னச் சக்கரத்தைச் சுண்டினார். அது சத்தமில்லாமல் கன நேரம் சுழன்றது. எஞ்சின் கழிக்கும் புகையின் வேகத்தில் அந்தச் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமத்தும். காற்றுக் கூடினால் இழுவை கூடும். தேவராசா படித்திருக்கிறாரே தவிர, ஒன்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அருமைநாயகிக்கு விளங்கிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவளைக்கூட அந்த மனுசன் அப்படிப் பார்க்கவில்லை.

மூன்று கிழமை வேலை. எஞ்சினில் நாலு ஓட்டை, டேர்போவில் மூன்று. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு தடித்த தகடு வேண்டும். பாழாய்ப்போன அரிசி மில் ஒன்றின் அடித்தகட்டை வாங்கி வந்து, ஒரு பக்கம் நாலும் மறுபக்கம் மூன்றுமாய்க் கைத்துறப்பணத்தாலேயே துளைத்தார். தோள் வீங்கி, அருமைநாயகி நல்லெண்ணெய் போட்டு உருவி விட்டாள். எண்ணெய் திரும்பி வழிய, தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் குழாய் கிடைத்தது. எண்ணெய் உள்ளே போக மெல்லிய செப்புக் குழாய் ஒன்று வேண்டும். அது குடாநாட்டில் எங்கும் இல்லை. அருமைநாயகியின் பிரிட்ஜின் முதுகில் மட்டும் இருந்தது.

சவுதியில் இருந்த தம்பி காசு அனுப்பி எண்பத்தாறில் வாங்கிய பிரிட்ஜ். மூன்று வருசமாய்க் கறண்ட் இல்லை. எலி புகாத பெட்டி என்று அதற்குள் அரிசிமாவும் பிள்ளைகளின் கொப்பிகளும் வைத்திருந்தாள்.

"இஞ்சாரும்," என்று தேவராசா குசினியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கறண்ட் வந்தால் புதுக் குழாய் போட்டுத் தரலாம்."

"அறுக்க முந்திக் கேக்கிறியளோ, அறுத்துப்போட்டுச் சொல்லுறியளோ?"

அவள் போய்ப் பிரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அறுத்தாயிற்று.

லொறியைக் கொடுக்கும்போது தேவராசா ஒரு நிபந்தனை சொன்னார். ஒன்றே ஒன்றுதான். எந்த இடத்தில் நிற்பாட்டினாலும், திறப்பைத் திருப்பி அணைக்க முந்தி, நூறு எண்ணும் மட்டும் எஞ்சினைச் சும்மா மெதுவாய்ச் சுற்ற விட வேண்டும்.

"அந்தச் சக்கரம் நெருப்பாய்க் கொதிச்சுக்கொண்டு சுத்தும் அண்ணை. அதைக் குளிர வைக்கிறது எண்ணெய்தான். எஞ்சின் நிண்டால் எண்ணெயும் நிண்டிடும். கொதியோடை வறண்டு போனால் நடுத்தண்டு எரியும். அது எரிஞ்சால் எஞ்சின் தன்ரை எண்ணெயையே குடிச்சுக்கொண்டு ஓடும். திறப்பை எடுத்தாலும் நிக்காது. காத்துப் போற வழியை அடைச்சால்தான் நிக்கும்."

"ஓமோம், விளங்குது," என்றார் ஆழ்வாப்பிள்ளை, லொறியின் சில்லைப் பார்த்துக்கொண்டு.

விளங்கியது சாரதி சிமியோனுக்குத்தான். சிமியோன் குருநகர்க்காரர். முந்தி மயிலிட்டியிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓடியவர். கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் மனுசி பெர்னடெட்டோடும் மூன்று பிள்ளைகளோடும் இங்கே வந்து, ஒரு பாதி வீட்டில் இருந்தார்.

"தம்பி, நூறு எண்ணுறதெண்டால் எனக்கு நடுவிலை பிசகிப் போம். செபமாலையிலை ஒரு பத்து மணி உருட்டினால் காணுமோ?"

"எவ்வளவு நேரம் செல்லும்?"

சிமியோன் அங்கேயே நின்று, கண்ணை மூடி, பத்துத் தரம் அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தார். தேவராசா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரண்டரை நிமிசம். வடிவாய்க் காணும்."

லொறி பறக்கத்தான் செய்தது. அறுபது மூட்டையோடு கொடிகாமத்துக்கு மற்றவர்களுக்கு முன்னம் போய் நின்றது. ஆழ்வாப்பிள்ளை சந்தியில் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்து தன் மூளையைப் பற்றிக் கதைத்தார். தான் எப்படி யோசித்தார், எப்படித் தேடிப் பிடித்தார் என்று. பூட்டியவரின் பெயர் அந்தக் கதையில் வரவில்லை. பழுதான பிறகுதான் வந்தது.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. மருதனார்மடம் சந்தைக்கு முன்னால் லொறி வந்து நின்றது. முன் ஆசனத்தில் ஆழ்வாப்பிள்ளை. அருமைநாயகி கீரைக்காரியிடம் முளைக்கீரை பிடி சின்னதாய்ப் போய்விட்டது என்று வாதாடிக்கொண்டிருந்தாள். சிமியோன் திறப்பைத் திருப்பி வெளியே எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் ஏறியது. ஏறி ஏறி, வானம் கிழிகிறதுபோல் கூவியது.

யாரோ "பொம்பர், பிளேன் வருது" என்றான். அவ்வளவுதான். சந்தையில் ஒருவரும் மிச்சமில்லை. தராசு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், சனம் எல்லாம் பங்கருக்குள். ஆழ்வாப்பிள்ளை லொறியின் கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினார். சிமியோன் மட்டும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார்.

அருமைநாயகி மேலே பார்க்கவில்லை. புகைக் குழாயைப் பார்த்தாள். நீலப் புகை. எண்ணெய் எரியும் மணம். கீரை வாடாமல் மூடியிருந்த ஈரச் சாக்கை இழுத்தெடுத்தாள். சேலையை இடுப்பில் செருகி, சில்லில் கால் வைத்து ஏறி, சாரதி இருக்கும் பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் காற்றுக் குழாயின் வாய்க்குள் சாக்கைத் திணித்து, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். குழாய் சாக்கை உறிஞ்சி இழுத்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றது.

முதலில் வெளியே வந்த கீரைக்காரி கேட்டாள்: "பிள்ளை, என்ரை சாக்கு எங்கையணை?"

இரண்டாவதாய் வந்தவர் ஆழ்வாப்பிள்ளை. தலையில் பங்கர் மண். சந்தைச் சனம் முழுக்க நிற்க, விரலை நீட்டிச் சொன்னார்: "உன்ரை மனிசன் கண்ட கண்ட கொம்பனிச் சாமானைக் கொண்டந்து பூட்டி என்ரை எஞ்சினை நாசமாக்கிப்போட்டான். மிச்சத்தை நீ சாக்கை அடைச்சு முடிச்சுப்போட்டாய்."

கொண்டுவந்தது யார்? உரப்பையில் சுமந்துகொண்டு வந்து நிலத்தில் வைத்தது யார்? அந்தச் சாக்கு இல்லாவிட்டால் எஞ்சின் வெடித்துச் சிதறியிருக்கும் என்று அந்த மனுசனுக்குத் தெரியாதா? அருமைநாயகி பதில் தேடி முடிக்கும் முன் அவர் அடுத்த ஆளுக்கு அதே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

லொறியை இன்னொரு லொறி இழுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வளவில் விட்டது. அதை இழுக்க முந்தித் தேவராசா சந்தியிலேயே டேர்போவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள்தான் ஆழ்வாப்பிள்ளை வந்து பெட்டியைக் கொண்டு போனது. அதோடு விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை லொறிச் சொந்தக்காரர் சங்கத்தில் முறைப்பாடு. சங்கத்து லொறி ஒன்றும் இனித் தேவராசாவிடம் போகக் கூடாது, பெட்டி தன்னிடமே நிற்க வேண்டும் என்று.

வெறும் பையை மடித்து வைத்த அருமைநாயகி டேர்போவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுத்தண்டு கரிக்கட்டையாய் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பளபளவென்று கறுப்பாய்ப் பொருக்குக் கழன்றது.

"இது எண்ணெய் வறண்டு பிடிச்சது. ஒருநாள் பிடிச்சதில்லை, கன நாள். சிமியோன் அண்ணை உடனை உடனை நிப்பாட்டியிருக்கிறார்."

"அந்தாள் சொன்னால் சொன்னபடி செய்யிற மனிசன்."

"அப்ப ஆரோ செய்ய விடேல்லை."

ஆர் என்று அடுத்த நாளே தெரிந்தது. சங்கக்கடை வரிசையில் பெர்னடெட் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"அக்கா, இந்த மனிசன் இப்ப லொறிக்குள்ளை செபமாலை எடுக்கிறேல்லை. அதுதான் இப்பிடி வந்ததெண்டு எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"ஏன் எடுக்கிறேல்லை?"

"முதலாளி ஏசினவராம். 'நீ மாதாவைக் கும்பிட என்ரை எண்ணெயே எரியுறது? கும்பிடுறதெண்டால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கும்பிடு' எண்டு."

அருமைநாயகி பங்கீட்டு அட்டையை நாலாய் மடித்தாள். பிறகு எட்டாய் மடித்தாள்.

அந்தக் காலத்தில் நிற்கிற வாகனத்தின் எஞ்சின் ஓடினால் றோட்டால் போகிறவன்கூட நின்று ஏசுவான். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக விளக்கை ஏழு மணிக்கே நூர்த்துவிட்டுப் படுத்த சனம். எந்தச் சாரதியும் நிற்கும் முன்னமே திறப்பைத் திருப்பி, மிச்ச தூரத்தை உருட்டித்தான் போவான். அதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மன்னிக்க மனம் வரவில்லை. ஒரு மனுசன் நிபந்தனையைச் சொல்லும்போது ஓமோம் என்று சொல்லிவிட்டு, போய் அதை மிதித்துவிட்டு, பிறகு அவனுடைய பெட்டியைத் தூக்குகிறதா?

"இதை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுவாரோ?"

"சொன்னால் வேலை போகும் அக்கா. மூண்டு பிள்ளையள். ஊரும் இல்லை, கடலும் இல்லை."

அருமைநாயகி மடித்த அட்டையை விரித்தாள். "சரி, சொல்ல வேண்டாமெண்டு சொல்லும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெளிக்கிட்டு நின்றதைப் பார்த்துத் தேவராசா தயங்கினார். "இஞ்சாரும், சங்கக் கூட்டத்துக்குப் பொம்பிளையள் வாறேல்லை."

"பெட்டி போகேக்கை பொம்பிளை இல்லாததுதான் பிழை."

கூட்டம் சந்திக்குக் கிட்ட வாசிகசாலையில். பதினைந்து ஆம்பிளைகள். தலைவர் அருளம்பலம் பழைய தபாலதிபர், இரண்டு லொறி வைத்திருப்பவர். ஆழ்வாப்பிள்ளை எழும்பி அரை மணித்தியாலம் கதைத்தார். கராச்சு மூடி வேலையில்லாமல் நின்றவனை வேலைக்கு எடுத்த தன் இரக்கத்தில் தொடங்கி, சந்தையில் சாக்கு அடைத்ததில் முடித்தார். பிறகு தேவராசா எழும்பினார். "நான் சொன்னனான் நூறு எண்ணச் சொல்லி" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்தால் அவருக்குச் சொல் வராது. எஞ்சினைப் பார்த்தால்தான் வரும்.

அருமைநாயகி பையைத் திறந்து கரி பிடித்த தண்டை மேசையில் வைத்தாள். பக்கத்தில் தன் தாச்சியையும் வைத்தாள். பின்வாங்கிலில் ஆரோ சிரித்தான். "என்ன, வடை சுடப் போறாவோ?"

"சிரியுங்கோ," என்றாள். "தலைவர் ஐயா, இந்தத் தாச்சியின்ரை அடியையும் இந்தத் தண்டையும் தடவிப் பாருங்கோ. ரண்டும் ஒரு பொருக்கு. அடுப்பு எரிய எரிய எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் தாச்சி கருகாது. எண்ணெயை நிப்பாட்டிப்போட்டுச் சூட்டோடை வைச்சால், உள்ளுக்குக் கிடக்கிற சொட்டு எரிஞ்சு ஒட்டும். ஒரு நாளிலை இவ்வளவு பிடியாது. நிப்பாட்ட நிப்பாட்டக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடிச்சது இது. தாச்சி கருகினதுக்குத் தாச்சி வித்தவன் என்ன செய்வான்?"

அருளம்பலம் இரண்டையும் தடவினார். விரலை முகர்ந்தார். "அது சரி பிள்ளை. ஆனால் எஞ்சினை உடனை நிப்பாட்டினதெண்டதுக்கு ஆர் சாட்சி?"

வாசலில் சிமியோன் நின்றார். தலை குனிந்து, சட்டைப் பைக்குள் ஒரு கை. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அருமைநாயகி பார்க்கவில்லை. அவள் ஆழ்வாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"சிமியோன் அண்ணையை நான் ஒண்டும் கேக்கேல்லை. உங்களைத்தான் கேக்கிறன் ஆழ்வாப்பிள்ளை அண்ணை. அந்த மனிசன் தன்ரை லொறிக்குள்ளை இருந்து செபமாலை சொல்லுறது உங்களுக்கு என்ன இடைஞ்சல்? நீங்கள் கோயிலுக்குப் போறதை ஆரும் மறிச்சதே?"

ஆழ்வாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. சமயத்துக்கு விரோதி என்று பெயர் வாங்க அந்த மனுசன் ஆயத்தமாயில்லை. "ஆரப்பா செபமாலையை மறிச்சது? நான் மறிக்கேல்லை. ஒவ்வொரு இடத்திலையும் வந்து நிண்டு, எஞ்சினை ஓட விட்டுப்போட்டு, பத்துத் தரம் மரியே மரியே எண்டு கொண்டிருந்தால் எரியுறது என்ரை எண்ணெயெல்லோ? நிப்பாட்டிப்போட்டுச் சொல்லு எண்டுதான் சொன்னனான். அதிலை என்ன பிழை?"

பிறகு பின்வாங்கிலில் முந்திச் சிரித்தவனே சொன்னான்: "அப்ப அந்தாள் எண்ணினவர் எண்டுறியள். நீங்கள்தான் எண்ண விடேல்லை."

ஆழ்வாப்பிள்ளை திரும்ப வாங்கிலில் குந்தினார்.

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கத்து அங்கத்தவரை முழுப் பிழைகாரர் ஆக்குவது தபாலதிபருக்கு மனம் வராத காரியம். "ரண்டு பக்கத்திலையும் பிழை இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். "பெட்டியைத் திருப்பிக் குடுக்க வேணும். சங்கத்து லொறியள் வழமைபோலை தேவராசாவிட்டைப் போகலாம். தேவராசா டேர்போவோடை பூட்டின மிச்சச் சாமான் எல்லாத்தையும் கழட்டி, எஞ்சினைப் பழையபடி ஓட வைச்சுச் சும்மா குடுக்க வேணும்."

"ஓம்," என்றார் தேவராசா உடனே.

"எங்கடை பக்கத்துப் பிழை எது?" என்று கேட்டாள் அருமைநாயகி.

"பூட்டினது பிழை, பிள்ளை. பொருந்தாதெண்டு தெரிஞ்சும் பூட்டினது."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு மேலும் கொதியைக் கிளப்பியது. பெண் பார்க்க வந்தபோதும் பார்க்காத பார்வை பார்த்துக்கொண்டு அந்த நத்தையைச் சுண்டிய விரலை அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். தேவராசா விரலை மடக்கிக்கொண்டார்.

"சரி. திருத்தித் தருவார்," என்றாள். "ஆனால் எங்கடை பெட்டி இனி ஆரின்ரை வளவுக்கும் போகாது. லொறி எங்கடை கொட்டிலுக்கு வரட்டும்."

"ஓடாத லொறி எப்பிடி வரும்?" என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை.

"தள்ளினால் வரும்."

அவர் சங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆராவது ஒருக்கால் இழுத்து விடுங்கோவன்." ஒருவன் முகட்டைப் பார்த்தான். ஒருவன் செருப்பைத் தேடினான். தலைவர் அருளம்பலம் கூட்டக் கொப்பியை மூடினார். அந்த வெறும் ஓட்டத்துக்கு எத்தனை போத்தல் எண்ணெய் எரியும் என்று பதினைந்து பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை முதலில் பெட்டி வந்தது. சிமியோன் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய வேலை போகவில்லை. ஓடாத லொறிக்கு இன்னொரு சாரதி எங்கே கிடைப்பான்? அவருக்கு அருமைநாயகி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று திரும்பிப் போனார்.

எட்டரை மணிக்கு லொறி சந்தியைத் தாண்டியது. சந்தை கூடும் நேரம். பின்னால் நாலு மூட்டை தூக்கிகள், நடுவில் நாரி நோக்காரர் ஆழ்வாப்பிள்ளை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் தோளைக் கொடுத்து. தேத்தண்ணிக் கடை வாங்கில் காலியாய்ப் போய், எல்லாரும் றோட்டுக் கரையில் நின்றார்கள். "என்ன ஆழ்வாப்பிள்ளை, பறக்குது போலை" என்று ஒருவர் விசாரித்தார். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் தேவராசாவும் போய்க் கை வைத்தார்.

"நீங்கள் விடுங்கோ," என்று அருமைநாயகி படலையில் நின்று சொன்னாள். "உங்களுக்கு இனித்தான் வேலை."

லொறி கொட்டிலுக்குள் வந்து நின்றது. ஆழ்வாப்பிள்ளை வாங்கிலில் விழுந்தமாதிரி இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வந்ததும் சொன்னார்: "பிள்ளை, நான் ஒண்டும் மனசிலை வைச்சுச் சொல்லேல்லை. கொதியிலை வந்த கதை."

"சந்தையிலை நிண்டு சொன்னனீங்கள். இஞ்சை கொட்டிலுக்குள்ளை இருந்துகொண்டு இல்லையெண்டால் ஆருக்குக் கேக்கும்?"

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த வருசமும் வரவில்லை, அடுத்த வருசமும் வரவில்லை.

அருமைநாயகி அவர் காலடியில் ஒரு சாக்கை விரித்து, பெட்டியைத் திறந்து, சாவிகளை ஒவ்வொன்றாய் எடுத்து அளவுப்படி அடுக்கினாள். அங்குலம் ஒரு பக்கம், மில்லிமீற்றர் ஒரு பக்கம். தேவராசா "விடும், எல்லாம் இருக்கும்" என்றார். அவள் கேட்காதமாதிரி இருந்து, அடுக்கி முடித்து, இரண்டாம் தரமும் எண்ணினாள்.

"பதினாலு மில்லிமீற்றர்ச் சாவி இல்லை."

ஆழ்வாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். "கிணத்துப் பம்பு கழட்ட எடுத்தனான். வீட்டிலை கிடக்கு. நாளைக்குக் குடுத்து விடுறன்."

"பறவாயில்லை அண்ணை. அப்ப வேலையையும் நாளைக்குத் தொடங்குவம்."

ஆழ்வாப்பிள்ளை தேவராசாவைப் பார்த்தார். தேவராசா எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். பிறகு ஆழ்வாப்பிள்ளை வாங்கிலைப் பிடித்து எழும்பி, நாரியில் கை வைத்துக்கொண்டு, வந்த வழியே சாவி எடுக்கச் சந்திப் பக்கம் நடந்தார். நல்ல வெயில்.